வடக்கே வழியில்லாத கடலின் திமிங்கலங்கள்

திமிங்கலங்களைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே கதை. கோடையில் துருவக் கடலுக்குப் போய்ச் சில மாதங்கள் தின்று கொழுக்கும். குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்கு இறங்கிவந்து, ஏறக்குறையப் பட்டினி கிடந்தபடியே இணைசேர்ந்து குட்டி ஈனும். மறுபடி துருவத்துக்குக் கிளம்பும். பசிபிக்கிலும் அட்லாண்டிக்கிலும் அண்டார்க்டிக்கைச் சூழ்ந்த தென்கடலிலும் இது ஓரளவு சரி. நம் கடலில் சரியில்லை. உலக வரைபடத்தில் இந்தியப் பெருங்கடலின் வடக்கு விளிம்பைப் பாருங்கள்: சோமாலியாவிலிருந்து ஓமன், பாகிஸ்தான், இந்தியா, வங்கதேசம், மியன்மார் வரை ஒரே நிலம். இங்கிருந்து வடதுருவத்துக்கு நீர்வழியே கிடையாது. தென்துருவம் இருக்கிறது, ஆனால் இங்குள்ள நீலத் திமிங்கலங்கள் அங்கே போவதில்லை. தின்பது, பாடுவது, ஈனுவது எல்லாமே பூமத்தியரேகைக்குப் பக்கத்தில், வெதுவெதுப்பான நீரில்தான்.

அறிவியலில் இவற்றுக்குத் தனித் துணையினப் பெயர் உண்டு: பலேனோப்டெரா மஸ்குலஸ் இண்டிகா. எட்வர்ட் பிளைத் 1859இல் வைத்த பெயர். அண்டார்க்டிக் நீலத் திமிங்கலம் 30 மீட்டரைத் தொடக்கூடியது. நம்முடையது ஏறக்குறைய 24 மீட்டரோடு நின்றுவிடும். அண்டார்க்டிக்கைவிடக் குட்டை என்றாலும், இரண்டு நகரப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம் அது. உடல் அளவைவிட முக்கியமான வேறுபாடு நாட்காட்டியில் இருக்கிறது. தெற்கு அரைக்கோள நீலத் திமிங்கலங்களின் இனப்பெருக்கக் காலத்துக்கும் இவற்றின் காலத்துக்கும் ஆறு மாத இடைவெளி உண்டு. பருவம் தலைகீழாக இருப்பதால் இந்த இரண்டு கூட்டமும் கலந்துகொள்ள வாய்ப்புக் குறைவு.

இது எப்படித் தெரியவந்தது என்பது கசப்பான கதை. 1963க்கும் 1966க்கும் இடையே, பிடித்த திமிங்கலத்தைக் கடலிலேயே அறுத்துப் பதப்படுத்தும் சோவியத் ஆலைக் கப்பல்கள் தென்கடலுக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் அரபிக் கடலில் புகுந்து 1,294 நீலத் திமிங்கலங்களைக் கொன்றன. சர்வதேசத் திமிங்கல ஆணையத்துக்குப் பொய்க் கணக்குக் கொடுத்தார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, 1990களில், அந்தக் கப்பல்களில் வேலை பார்த்த உயிரியலாளர்கள் மறைத்து வைத்திருந்த உண்மைக் கணக்குகளை வெளியிட்டார்கள். அறுக்கப்பட்ட தாய்களின் வயிற்றிலிருந்த கருக்களின் நீள அளவுகளும் அவற்றில் இருந்தன. இன்று நாம் பேசும் இனப்பெருக்கக் காலக் கணிப்பின் அடித்தளம் அந்த அளவுகள்தான்.

துருவம் இல்லாத கடலில் இவ்வளவு பெரிய உடலுக்குச் சோறு போடுவது யார்? காற்று. சோளகக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை சோமாலியா, ஓமன் கரைகளை ஒட்டிப் பலமாக வீசுகிறது. பூமியின் சுழற்சி அந்த மேல்நீரைக் கரையிலிருந்து வெளியே தள்ள, அடியிலிருக்கும் குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் அந்த இடத்தை நிரப்ப மேலேறுகிறது. நடுக்கோடையில் சோமாலியக் கரையில் மேல்நீரின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்குவதுண்டு. சத்து மேலே வந்தால் பாசி பெருகும், பாசி பெருகினால் சிற்றிறால்கள் பெருகும், அவை பெருகினால் திமிங்கலம் வரும். காற்று நின்றதும் இந்த விருந்து கலைகிறது. வாடைக்காற்றுக் காலத்தில் உணவு வேறு இடங்களில், சின்னச் சின்னத் திட்டுகளாகத்தான் கிடைக்கும். இலங்கையின் தெற்குக் கரை, திருகோணமலைக்கு வெளியே உள்ள ஆழக்கடல், மாலத்தீவின் சுற்றுப்புறம் போன்றவை அந்தத் திட்டுகள்.

மாலத்தீவில் பல ஆண்டுகள் கடலில் பதிவெடுத்த சார்லஸ் ஆண்டர்சன் இவற்றைக் கோத்து ஒரு கருதுகோளை முன்வைத்தார். சோளகத்தில் திமிங்கலங்கள் அரபிக் கடலின் மேற்கில் தின்கின்றன. டிசம்பர், ஜனவரி வாக்கில் மாலத்தீவைக் கடந்து இலங்கையின் தென்முனையைச் சுற்றிக் கிழக்கே போகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் அதே வழியாக மேற்கே திரும்புகின்றன. எல்லாத் திமிங்கலமும் இப்படி ஊர்வலம் போவதில்லை. இலங்கைக் கரையில் எல்லாப் பருவத்திலும் சில தங்கியிருக்கின்றன. ஆனாலும் இந்தச் சட்டகம் நிற்கிறது. இலங்கையின் தெற்குக் கரையிலுள்ள மிரிஸ்ஸவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை திமிங்கலம் பார்க்கப் போவதும், திருகோணமலையில் மார்ச், ஏப்ரலை நல்ல காலம் என்பதும் இதனோடு பொருந்துகின்றன. சோளகம் அடிக்கும்போது தெற்குக் கரைக் கடல் கொந்தளித்துப் படகு போகாது. அந்த மாதங்களில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். ஆகவே "அந்த மாதத்தில் திமிங்கலம் இல்லை" என்று சுற்றுலாக்காரர் சொன்னால், "அந்த மாதத்தில் படகு போகவில்லை" என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காத பதிவுகள்தான் இணையத்தில் அதிகம்.

இலங்கைக் கரையில் ஏன் இவ்வளவு பக்கத்தில் தெரிகின்றன? கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித் தளமான கண்டத்திட்டு மிகக் குறுகலாக இருப்பதுதான் காரணம். இலங்கையின் தென்முனையான தெவிநுவரைக்குத் தெற்கே படகில் ஒரு மணி நேரத்துக்குள் ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கு மேல் வந்துவிடலாம். திருகோணமலையில் இன்னும் விசேஷம்: துறைமுக வாசலிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி, 3,000 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. கோணேசர் கோயில் பாறையில் நின்று பார்த்தே திமிங்கல ஊதலை, அதாவது அது மூச்சுவிடும்போது எழும் நீராவிக் கம்பத்தை, காணும் நாள்கள் உண்டு. பாக் நீரிணையின் நிலைமை நேர் எதிர். பெரும்பகுதி பதினைந்து மீட்டர்கூடத் தேறாது; ராமர் பாலத்தின் மணல்திட்டுகளில் சில இடங்களில் ஆள் நடக்கலாம். பெரிய திமிங்கலம் எதுவும் அந்த வழியாக வங்கக் கடலுக்குப் போக முடியாது. தீவைச் சுற்றித்தான் போயாக வேண்டும். பெரிய கப்பலுக்கும் அதே நிலைதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இலங்கை நீலத் திமிங்கலம் வெப்பக் கடலில் சும்மா பட்டினி கிடக்கவில்லை என்பதற்கான சான்று மலத்தில் கிடைத்தது. 2003இல் ஓர் ஆய்வுக் கப்பலில் இருந்த இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ், ஆறு நீலத் திமிங்கலங்கள் கூடியிருந்த இடத்தில் நீர்மேல் சிவப்பாக மிதந்த மலத்தைக் கண்டார். தின்றால்தானே மலம்? பாடப்புத்தகப்படி வெப்பக்கடல் திமிங்கலம் தின்னக்கூடாது. பிறகு மலத்தின் மரபணுவை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு இன்னொரு திருப்பம்: மற்ற கடல்களில் நீலத் திமிங்கலத்தின் உணவு கிரில் என்னும் கூனியினம், இங்கே அது பெரும்பாலும் செர்ஜெஸ்டிட் வகைச் சிற்றிறால்.

இந்தச் சிற்றிறால் பகலில் ஆழத்தில் அடர்ந்து கிடக்கும், இரவில் மேலேறும். ஆகவே பகலில் தின்ன வேண்டுமானால் திமிங்கலம் செங்குத்தாக இறங்க வேண்டும். இலங்கையில் நீலத் திமிங்கலங்கள் முங்கும்போது வாலைத் தூக்கிக் காட்டுவது மற்ற கடல்களைவிட அதிகம் என்று 1980களிலேயே கவனித்திருக்கிறார்கள். ஆழ இரைக்கான செங்குத்து முங்கலே இதற்குக் காரணம் என்பது எனக்கு ஏற்புடைய விளக்கம். புகைப்படக்காரர்கள் மிரிஸ்ஸவை விரும்புவதன் காரணமும் அந்த வால்தான்.

தின்னும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "வாயைத் திறந்துகொண்டே நீந்தும்" என்று எழுதுவோர் இன்னும் இருக்கிறார்கள். அப்படிச் செய்வது வேறு குடும்பத்துத் திமிங்கலங்கள். நீலத் திமிங்கலம் பாய்ந்து விழுங்கும். இரைத்திரளைக் கண்டதும் வேகமெடுத்து, வாயைச் செங்கோணத்துக்குப் பக்கமாகத் திறக்கிறது. திறந்த நொடியிலேயே நீரின் எதிர்ப்பு பிரேக் போட்டதுபோல் உடலை நிறுத்துகிறது. தாடையிலிருந்து தொப்புள் வரை ஓடும் தோல்மடிப்புகள் விரிந்து, தன் உடலின் பருமனுக்கு ஈடான நீரை உள்ளே வாங்குகின்றன. பிறகு வாயை மூடி, நாக்கும் தொண்டைத் தசையும் அழுத்த, மேல்தாடையின் ஒவ்வொரு பக்கமும் தொங்கும் முந்நூறுக்கு மேற்பட்ட பலீன் என்னும் சல்லடைத் தகடுகளின் வழியாக நீரை வெளியேற்றுகிறது. இரை உள்ளேயே தங்குகிறது. ஒரு முங்கலில் இப்படி ஐந்தாறு பாய்ச்சல் எடுக்கலாம். ஒவ்வொன்றும் உடலுக்குப் பெருஞ்செலவு. இரை அடர்த்தியாக இல்லாவிட்டால் நட்டம். எனவே கலங்கிய, சிதறிய இரைத்திரள் திமிங்கலத்துக்குப் பயனில்லை. படகுகள் தொடர்ந்து விரட்டி முங்கலைப் பாதியில் கலைத்தால் இழப்பு ஒரு வாய் உணவோடு முடிவதில்லை. அந்த முங்கலுக்கு அது செலவழித்த முழு முயற்சியும் வீண்.

இதயத்தைப் பற்றி ஒரு வரி. கலிஃபோர்னியாவின் மான்ட்ரே விரிகுடாவில் ஒரு நீலத் திமிங்கலத்தின்மேல் உறிஞ்சுகிண்ணம் கொண்ட கருவியை ஒட்டி அளந்த ஆய்வு 2019இல் வந்தது: ஆழத்தில் இருக்கையில் நிமிடத்துக்கு 4 முதல் 8 துடிப்பு, சில நேரம் 2, மேலே வந்து மூச்செடுக்கையில் 37 வரை.

இனி குரல். நீலத் திமிங்கலத்தின் பாட்டு மனிதக் காதின் அடிவிளிம்பில் இருக்கிறது. ஒலிப்பதிவை வேகமாக ஓட்டினால்தான் நன்றாகக் கேட்கும். இலங்கை வகைப் பாட்டில் மூன்று பகுதிகள்: தாழ்ந்த துடிப்பொலி, மேலேறும் ஒலி, கடைசியில் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய நீண்ட ஒற்றைச் சுருதி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அப்படியே திரும்ப வரும். கூட்டத்துக்குக் கூட்டம் பாட்டு மாறும். ஒரே கூட்டத்துக்குள் மாறுவது அரிது. அதனால் கண்ணில் படாத கூட்டங்களைக்கூடப் பாட்டை வைத்து அடையாளம் காண்கிறார்கள். ஓமன் கரையை ஒட்டிய கடலில் அதுவரை யாரும் அறியாத ஒரு நீலத் திமிங்கலப் பாட்டு 2020இல் விவரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே இன்னொன்று: அணுகுண்டுச் சோதனைத் தடை உடன்படிக்கைக்காக மாலத்தீவுக்குத் தெற்கே சாகோஸ் தீவுக்கூட்டத்திலுள்ள தியேகோ கார்சியா அருகே வைத்த நீரடி ஒலிவாங்கிகளின் பழைய பதிவுகளைக் கிளறியபோது, சாகோஸ் பகுதிக்கே உரிய ஒரு பாட்டு கிடைத்தது. அணுகுண்டு வெடிப்பைக் கேட்க வைத்த காது திமிங்கலத்தையும் கேட்டிருக்கிறது. பாட்டின் சுருதி ஆண்டுக்காண்டு மெல்ல இறங்கிவருகிறது என்பதும் இந்தப் பதிவுகளில்தான் தெரிகிறது. காரணத்துக்குப் பல விளக்கங்கள் உண்டு. எதுவும் முடிவாக நிற்கவில்லை.

நீலத் திமிங்கலத்தின் வாழ்க்கையைக் காற்று ஆள்கிறதென்றால், ஸ்பெர்ம் திமிங்கலத்தின் வாழ்க்கையை ஆழம் ஆள்கிறது. இது பல்லுள்ள வகை. பலீன் கிடையாது, ஆழக்கடல் கணவாய்தான் முக்கிய உணவு. வழக்கமாக 400 முதல் 1,200 மீட்டர் வரை முங்கும், முக்கால் மணி நேரம் கீழே இருக்கும், பிறகு எட்டுப் பத்து நிமிடம் மேலே மிதந்து மூச்சைச் சரிசெய்துகொள்ளும். மேலே கட்டைபோல் அசையாமல் கிடப்பதைப் பார்த்து "செத்துவிட்டதோ" என்று கேட்போர் உண்டு. ஆக்சிஜனை நுரையீரலில் அடைத்துக்கொண்டு அது இறங்குவதில்லை. அந்த அழுத்தத்தில் நுரையீரல் சுருங்கிவிடும். தசையிலிருக்கும், ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் புரதமான மயோகுளோபினிலும் இரத்தத்திலும் சேமித்துத்தான் இறங்குகிறது. அதை மறுபடி நிரப்பத்தான் அந்த ஓய்வு. அந்நேரம் படகு நெருங்கினால் பாதி நிரம்பியதோடு முங்கிவிடும்.

தலை உடல்நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் இருக்கும் மெழுகெண்ணெய்ப் பை ஓர் ஒலிக்கருவி. மூக்கின் முனையில் உண்டாகும் சொடுக்கொலி பின்னால் போய் மண்டையோட்டில் பட்டுத் திரும்பி, கற்றையாகக் குவிந்து முன்னால் பாய்கிறது. விலங்குலகில் அளக்கப்பட்ட மிகப் பலத்த ஒலி அதுவே. இரை தேடும்போது ஏறக்குறைய நொடிக்கு ஒன்றோ இரண்டோ சொடுக்கு. இரை நெருங்கியதும் சொடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி, கதவு கிறீச்சிடுவதுபோல் ஆகிவிடும். நீரடி ஒலிவாங்கியை இறக்கிக் கேட்பவர், கிறீச்சொலி வந்து திடீரென நின்றால், பிடித்தாயிற்று என்று எடுத்துக்கொள்வார். மேலே கூட்டமாக இருக்கையில் வரும் தாளக்கட்டுச் சொடுக்குகள் வேறு: அவை பேச்சு. எந்தத் தாளம் என்பது குலத்துக்குக் குலம் மாறும். தாயிடமிருந்து பிள்ளை கற்கும்.

கூட்டம் என்றால் பெண்களும் குட்டிகளும்தான். பத்துப் பதினைந்து பெண்கள், பெரும்பாலும் தாய்வழி உறவு. தாய் ஆழத்தில் வேட்டையாடும்போது குட்டியால் அவ்வளவு ஆழம் போக முடியாது. ஆகவே எல்லாரும் ஒரே நேரத்தில் முங்காமல் முறைவைத்து முங்குவார்கள், மேலே எப்போதும் யாராவது குட்டிக்குத் துணை. ஆண்கள் பருவம் வரும்போது விலகித் துருவம் பக்கம் போய், 16 மீட்டருக்கு மேல் வளர்ந்து, இணைசேர மட்டும் வெப்பக்கடலுக்கு வருவார்கள். பெண்கள் 11, 12 மீட்டர்தான். இலங்கையின் வடமேற்கில் கற்பிட்டிக்கு வெளியே உள்ள கடலில் மார்ச், ஏப்ரலில் பல குடும்பங்கள் ஒன்றுகூடி நூற்றுக்கணக்கில் மிதக்கும் நாள்கள் உண்டு.

அம்பரைப் பற்றிச் சொல்லாவிட்டால் பின்னூட்டத்தில் கேட்பார்கள். செய்திகளில் "திமிங்கல வாந்தி" என்று எழுதுகிறார்கள். அது வாந்தி அல்ல. கணவாயின் கடினமான அலகுகள் குடலில் சிக்கி, அவற்றைச் சுற்றி மெழுகுபோல் திரண்டு இறுகுவது. பின்வாசல் வழியாகத்தான் வெளியேறுகிறது. நூறு ஸ்பெர்ம் திமிங்கலத்தில் ஒன்றில்தான் உருவாகும் என்று மதிப்பிடுகிறார்கள். இந்தியாவில் ஸ்பெர்ம் திமிங்கலம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பட்டியலிடப்பட்ட உயிரினம். அம்பரைக் கரையில் கண்டெடுத்தாலும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். கோடிக் கணக்கு கேட்டு மயங்கி மெழுகுக் கட்டியோடு பிடிபடுகிறவர்கள் உண்டு. உண்மை அம்பரோடு பிடிபடுகிறவர்களும் உண்டு. இரண்டிலும் சிறைதான் மிச்சம்.

கடலில் இனங்காணுதல்

முதலில் பார்ப்பது ஊதல். நீலத் திமிங்கலம்: நேராக, கம்பம்போல், 6 முதல் 9 மீட்டர் வரை. ஸ்பெர்ம் திமிங்கலம்: தாழ்வாக, புதர்போல், முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து, மூக்குத்துளை தலையின் இடது நுனியில் இருப்பதால் இது வேறெதற்கும் வராத அடையாளம். நீலத்தைவிடச் சிறிய பலீன் வகையான பிரைட்ஸ் திமிங்கலம்: மூன்று நான்கு மீட்டர், சில நேரம் தெரியாமலே போய்விடும். இங்கேதான் முதல் தவறு நடக்கும். காற்று பலமாக இருந்தால் நீலத்தின் உயர்ந்த கம்பம் உடைந்து புதராகத் தெரியும். அப்போது ஊதலை நம்பாமல் முதுகைப் பாருங்கள். நீலத் திமிங்கலத்துக்கு முதுகு நீண்டுகொண்டே போகும். தோல் மங்கிய நீலச்சாம்பலில் திட்டுத்திட்டாக இருக்கும். மிகச் சிறிய துடுப்பு வெகுதூரம் பின்னால், முங்கும் தறுவாயில்தான் தெரியும். ஊதியதும் துடுப்பு உடனே தெரிந்தால் அது நீலமல்ல. பிரைட்ஸ் திமிங்கலத்துக்குத் துடுப்பு உயர்ந்து வளைந்து அரிவாள்போல் இருக்கும். உறுதி செய்யத் தலையைப் பாருங்கள், மேற்புறத்தில் மூன்று வரம்புகள். நீலத் திமிங்கலத்துக்கு நடு வரம்பு ஒன்றுதான். முன்பெல்லாம் பிரைட்ஸ் என்று எழுதப்பட்ட சிறியவை சில ஒமூரா திமிங்கலங்களாக இருக்கக்கூடும். 2003இல்தான் அதைத் தனி இனமாக விவரித்தார்கள், இலங்கையிலும் பிறகு பார்த்திருக்கிறார்கள். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் தோல் காய்ந்த பழம்போல் சுருங்கியிருக்கும், வால் தடித்த முக்கோணம்.

நீளத்தை மட்டும் கண்ணால் மதிப்பிடாதீர்கள். பக்கத்தில் படகு இல்லாத திறந்த கடலில் பத்து மீட்டரும் இருபது மீட்டரும் ஒன்றுபோலத் தெரியும்.

நீலத் திமிங்கலம் மேலே வந்தால் பத்து இருபது நொடிக்கு ஒருமுறை ஊதியபடி ஏறக்குறைய எட்டுப் பத்துத் தடவை மூச்செடுத்து, கடைசியில் முதுகை உயர வளைத்து முங்கும். வால் உந்திய இடத்தில் நீர் எண்ணெய் தடவியதுபோல் வழவழப்பாக வட்டமாகக் கிடக்கும். அடுத்த ஊதல் பத்து நிமிடத்துக்குப் பிறகுதான். தெரிந்த படகோட்டி அங்கேயே எஞ்சினைக் குறைத்துக் காத்திருப்பார். தெரியாதவர் வேறு ஊதலைத் துரத்தி ஓடுவார். இருவருக்கும் கிடைக்கும் காட்சி ஒன்றே, எரிபொருள் மட்டும் வேறு. நெருங்கும்போது முன்னாலிருந்து வழிமறிக்கக் கூடாது, நேர் பின்னாலிருந்து துரத்தவும் கூடாது. பக்கவாட்டில், அதன் போக்குக்கு இணையாக, அதன் வேகத்தைவிடக் கூடாமல், 100 மீட்டர் விட்டு. ஒரே சீராக ஓடும் எஞ்சினைவிட, கியர் மாற்றி மாற்றி உறுமும் எஞ்சின்தான் அதிகம் கலைக்கும்.

கூன்முதுகுத் திமிங்கலத்தை இலங்கையில் தேடி ஏமாறாதீர்கள். அரபிக் கடலில் ஒரு கூட்டம் உண்டு. ஏறக்குறைய 70,000 ஆண்டுகளாக மற்றக் கூன்முதுகுகளோடு கலக்காமல் வாழ்வது. ஓமன் பக்கம் எண்ணியபோது நூறுக்கும் குறைவு. 1960களின் நடுவில் சோவியத் கப்பல்கள் அதில் 242ஐக் கொன்றன. ஓமனில் 2017இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய லுபான் என்ற பெண் திமிங்கலம் அரபிக் கடலைக் குறுக்கே கடந்து கோவாவுக்கு வந்து, மேற்குக் கரையோரமாகத் தெற்கே இந்தியாவின் முனைவரை போய், மறுபடி ஓமனுக்கே திரும்பியது.

மணப்பாடு

நம் கரையில் திமிங்கலம் என்றால் பலருக்கு நினைவு வருவது 2016 ஜனவரி. திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு கரையில் 80க்கும் மேற்பட்ட குறுந்துடுப்புப் பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் இரவெல்லாம் படகில் கட்டி இழுத்துக் கடலுக்குள் விட்டார்கள்; பல திரும்பி வந்தன; 45 இறந்தன. 1973 ஜனவரியிலும் இதே கடற்பகுதியில் 147 ஒதுங்கியிருக்கின்றன. நிலநடுக்கத்திலிருந்து பல ஊகங்கள் கிளம்பின. இனத்தைத் தெரிந்துகொண்டால் ஊகத்துக்கு அவ்வளவு தேவையில்லை.

பைலட் திமிங்கலம் ஆழக்கடல் கணவாய் வேட்டைக்காரன். மகனும் மகளும் வாழ்நாள் முழுக்கத் தாயின் கூட்டத்திலேயே இருப்பார்கள். ஈனும் வயது கடந்த பாட்டிகளும் கூட்டத்தில் உண்டு. இந்த ஒட்டுறவுதான் கரையில் எமன். ஒன்று நோயுற்றோ வழி தவறியோ ஆழமற்ற நீருக்கு வந்தால் மற்றவை விட்டுவிட்டுப் போகாது. வழியறிய அது எழுப்பும் ஒலியின் எதிரொலி, மெல்லச் சரியும் மணற்கரையில் சரியாகத் திரும்பாமல் சிதறும். முன்னால் கரை இருக்கிறதென்றே அதற்குத் தெரியாமல் போகலாம். ஒன்றைக் கடலுக்குள் விட்டாலும், கரையிலிருக்கும் உறவின் குரல் கேட்டால் திரும்பும். மணப்பாட்டில் மீனவர்களின் உழைப்பில் குறையில்லை. ஒவ்வொன்றாக விட்டது சிக்கலாகியிருக்கலாம். கூடவே, தூத்துக்குடிக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டரளவுதான். நியூசிலாந்தில்போல் உயர்ந்த ஏற்றம் வந்து மிதக்க வைக்கும் என்று இங்கே காத்திருக்க முடியாது.

2020 நவம்பரில் கொழும்புக்குத் தெற்கே பாணந்துறையில் ஏறக்குறைய 120 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியபோது, கடற்படையும் கடலோரக் காவல்படையும் ஊர்மக்களும் இரவோடிரவாகச் சேர்ந்து பெரும்பாலானவற்றை ஆழத்துக்குத் தள்ளிவிட்டார்கள். இறந்தவை சிலதான். ஆள் அதிகம், நேரம் குறைவு: இந்த இரண்டும் சேர்ந்தன.

கரையில் கிடக்கும் திமிங்கலம் மூச்சுமுட்டிச் சாவதில்லை. அது காற்றைத்தான் சுவாசிக்கிறது. நீர் தாங்கிய எடை நெஞ்சின்மேல் இறங்குகிறது, கொழுப்புப் போர்வைக்குள் உடல்வெப்பம் ஏறிக்கொண்டே போகிறது, நசுங்கிய தசையின் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. பல மணி நேரம் கிடந்ததை மிதக்க விட்டாலும் இரண்டு நாள் கழித்துச் செத்து ஒதுங்குவதற்குக் காரணம் இதுதான். ஆகவே முதலில் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆள் வரும்வரை: பக்கவாட்டில் கிடந்தால், அலைநீர் உதவும்போது பலர் சேர்ந்து வயிறு கீழிருக்கும்படி நிமிர்த்துங்கள்; பக்கத்துடுப்புகளின் அடியில் மணலைத் தோண்டிக் குழியாக்கினால் மூட்டு நசுங்காது, குழியில் நிற்கும் நீர் சூட்டையும் இறக்கும். ஈரத்துணி போர்த்துங்கள், நிழல் கட்டுங்கள். தலைமேலுள்ள மூக்குத்துளையில் துணியோ நீரோ மணலோ படவே கூடாது. நீர் ஊற்றி நல்லது செய்வதாக நினைத்து மூழ்கடிக்கிற தவறு இங்கே அடிக்கடி நடக்கிறது. வாலில் கயிறு கட்டி இழுக்காதீர்கள்: முதுகெலும்பு விலகும், தலை நீருக்குள் போய் மூக்கு அடைபடும். மிதக்க வைத்தபின் உடனே விட்டுவிடாமல், சமநிலை வரும்வரை இடுப்பளவு நீரில் பிடித்து வைத்து, முடிந்தவரை எல்லாவற்றையும் சேர்த்து வெளியேற்றுங்கள். வாலுக்குப் பின்னால் நிற்க வேண்டாம்.

கப்பல் தடம்

கரையொதுங்குவது கண்ணில் படும் சாவு. பெரிய திமிங்கலங்களின் மற்றொரு சாவு கண்ணில் படுவது குறைவு, ஏனென்றால் அடிபட்ட உடல் பெரும்பாலும் ஆழத்தில் போய்விடும். 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த ஒரு கொள்கலன் கப்பலின் முகப்பில் செத்த நீலத் திமிங்கலம் ஒன்று மடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கப்பல் துறைமுகத்துக்கு வரும்வரை அது தெரியவில்லை.

சூயஸிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல்கள் பெரும்பாலும் தெவிநுவரை முனையை உரசிக்கொண்டுதான் போகின்றன. பாக் நீரிணை ஆழமில்லாததால் தீவைச் சுற்றும் திமிங்கலமும் அதே முனையைத்தான் சுற்றுகிறது. அது தின்பதும் அதே கண்டத்திட்டின் விளிம்பில். தென்கடலில் நீலத் திமிங்கலம் தின்னும் இடமும் உலக வணிகத்தின் நெடுஞ்சாலையும் வேறுவேறு. இங்கே இரண்டும் ஒரே கோடு.

திமிங்கலம் விலகிக்கொள்ளாதா என்று கேட்கலாம். கலிஃபோர்னியாவில் கப்பல் நெருங்கும்போது நீலத் திமிங்கலங்களைக் கருவி வைத்துக் கவனித்ததில், பக்கவாட்டில் ஓடித் தப்பியது ஒன்றும் இல்லை; மெதுவாகக் கீழே இறங்கப் பார்த்தன, பல நேரம் அந்த வேகம் போதவில்லை. இத்தனை காலம் இவ்வளவு பெரிய உடலை மோத யாரும் இருந்ததில்லை. ஒதுங்கும் பழக்கம் உருவாகவே இல்லை. உந்துவிசிறியின் இரைச்சல் பின்னாலிருந்து வருவதால் கப்பலின் நேர் முன்பக்கம் ஒப்பீட்டில் அமைதியாக இருப்பதும் சேர்ந்துகொள்கிறது. வேகம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது: 15 நாட் (மணிக்கு 15 கடல்மைல்) வேகத்துக்கு மேல் மோதினால் சாவு ஏறக்குறைய உறுதி, 12க்குக் கீழே வந்தால் பிழைக்க பாதிக்கு மேல் வாய்ப்பு. கொள்கலன் கப்பல்கள் 15ஐ எளிதாகத் தாண்டும்.

ஆனால் தெவிநுவரையில் வேகத்தைக் குறைப்பதைவிட எளிய வழி இருக்கிறது. அங்கே கடலில் குறுக்கும் நெடுக்குமாகப் போய் எண்ணி 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, திமிங்கலங்கள் மிக அடர்த்தியாக இருப்பது இப்போதைய கப்பல் தடத்திலேயே. தெற்கே போகப்போக எண்ணிக்கை சரிகிறது. தடத்தை 15 கடல்மைல், அதாவது 28 கிலோமீட்டர், தெற்கே நகர்த்தினால் மோதல் ஆபத்து 95 சதவீதம் குறையும். சூயஸிலிருந்து மலாக்காவுக்கு ஆயிரக்கணக்கான மைல் ஓடும் கப்பலுக்கு இந்த விலகல் கூட்டும் தூரம் சில மைல்தான். கரையோர மீன்பிடிப் படகுகளுக்கும் திமிங்கலம் பார்க்கப் போகும் படகுகளுக்கும்கூட அது பாதுகாப்பு. எம்.எஸ்.சி. கொள்கலன் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களைத் தானாகவே அப்படித் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. மற்ற எல்லாக் கப்பலுக்கும் அது விதியாக வேண்டுமென்றால் சர்வதேசக் கடல்சார் அமைப்பு தடத்தை மாற்ற வேண்டும். அந்த அமைப்பு தானாக மாற்றாது, கரையோர நாடு விண்ணப்பிக்க வேண்டும். தெவிநுவரைக்கு அந்தக் கரையோர நாடு இலங்கை.